நீலம் பூசிய பந்து

அந்தக் கத்திரிக்கோல் மட்டும் இல்லாதிருந்தால், ஓடிஸ் ப்ரூயிட் இன்னொரு துண்டு ஆப்பிள் கேக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பான்.

கேக்கில் ஒரு குறையும் இல்லை. குறை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. எல்ஃப்ரீடா ஹாஃப்னருக்கு ஐம்பத்திரண்டு வயது, பார்த்தால் எழுபது. ஓடிஸும் அவன் முதலாளியும் இந்தப் பண்ணை வீட்டுக்குள் நுழைந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது, அந்த அம்மாள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைத் திறப்பதும் மூடுவதுமாக, ஓடிஸை மட்டும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நறுக், நறுக். வெட்டுவதற்குக் கையில் துணி எதுவும் இல்லை.

"அவளைக் கண்டுக்காதீங்க தம்பி," என்றார் அவளுடைய அண்ணன் ரோலண்ட். "முப்பது வருஷமா ஃப்ரீடாவுக்கு மேல் மாடி காலி. போன மாசம் தபால்காரரைக் கத்தியோட துரத்தினா. ஆனா கேக் மட்டும் நல்லா பண்ணுவா."

"இந்தக் கேக்கை வெட்டினதும் அதே கத்தியா சார்?"

ரோலண்ட் வீடே அதிரும்படி சிரித்தார். அறுபது வயதிலும் அகன்ற தோள், வெள்ளை முடி, சிவந்த முகம். முழங்கால் வலிக்குக் கைத்தடியாக ஒரு பழைய பேஸ்பால் மட்டையை வைத்திருந்தார். சிரிக்கும்போதெல்லாம் அதைத் தரையில் ஒரு தட்டு தட்டினார். ஓடிஸுக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. தன் நகைச்சுவைக்குச் சிரிக்கிற மனிதரை அவன் மாதத்துக்கு ஒருவரைக்கூடச் சந்திப்பதில்லை.

அவனுடைய முதலாளி மேரிட் சோல்ஹைம் சிரிக்கவில்லை. அவள் சிரித்து அவன் பார்த்ததே இல்லை. பழைய பேஸ்பால் பொருள்களின் பூர்வீகத்தைத் தோண்டி எடுப்பது அவளுடைய தொழில். மியூசியங்களும் சேகரிப்பாளர்களும் ஒரு கையுறையையோ டிக்கெட்டையோ கொண்டுவந்து கொடுத்தால், அது எந்த ஊரில், எந்த ஆட்டத்தில், யார் கையில் இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வாள். பத்து நாளைக்கு முன்னால் மினியாபொலிஸில் இருக்கும் அவள் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு பந்து, உடம்பு முழுக்க நீலப் பெயின்ட். அதன் மேல் வெள்ளையில் '1949 ஆகஸ்ட் 14. 4–3' என்று எழுதியிருந்தது. கடிதம் கிடையாது. அனுப்பியவர் இடத்தில் 'ஹாஃப்னர், நியூ ஆல்ட்டன்' என்று மட்டும் இருந்தது. அதை நூல் பிடித்துக்கொண்டுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது மைல் கார் ஓட்டி வந்திருந்தார்கள்.

"ஃப்ரீடா வேலைதான் இது. என் பெட்டியைக் குடைஞ்சு எடுத்து, எனக்குத் தெரியாம தபால்ல போட்டிருக்கா," என்றார் ரோலண்ட். "பந்து உங்க கைப்பையிலதானே இருக்கு?"

"இருக்கு. அதோட கதையைச் சொல்லுங்களேன்," என்றாள் மேரிட்.

"பெரிய கதை ஒண்ணுமில்ல. ரோவர்ஸ்னு ஒரு டீம். பஸ்ஸுல ஊர் ஊரா வந்து உள்ளூர்க்காரங்களோட காட்சி ஆட்டம் ஆடுவாங்க. சும்மா வேடிக்கைக்கு. எங்க ஊர் டீம் பேரு மில்லர்ஸ், நான்தான் கேப்டன். அதோ, சுவத்துல பாருங்க, ஏழாம் நம்பர்." கருப்பு வெள்ளைப் போட்டோவில் இளம் ரோலண்ட் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "நாலுக்கு மூணு. ஜெயிச்சோம்."

கத்திரிக்கோல் நின்றது.

"அவங்க கேப்டன் யாரு?"

"ஆர்லோ விட்கம்ப்னு ஒருத்தன். பந்து வீசுறவன். அன்னைக்குச் சாயந்திரமே பஸ்ஸையும் பசங்களையும் அம்போன்னு விட்டுட்டு எங்கேயோ ஓடிட்டான். தோத்த அவமானமா இருக்கும்!" மட்டை தரையைத் தட்டியது.

"உங்க டீம் சட்டை என்ன கலர்?"

ரோலண்ட் மோவாயைத் தடவினார். "முப்பது வருஷம் ஆச்சேம்மா. கலர் யாருக்கு ஞாபகம்? போட்டோவும் கருப்பு வெள்ளை. அதென்ன தம்பி, உங்க மேடம் போலீஸ் மாதிரி கேக்குறாங்க?"

"இது பரவாயில்ல சார். என்னை வேலைக்கு எடுக்கும்போது பல்லை எண்ணிப் பார்த்தாங்க."

"ஆபீஸ்ல இன்னைக்கு வேற ஆள் இருக்காங்களா?"

"ஆபீஸா? நானும் மேடமும் ஒரு ஃபேனும்தான். நாங்க இங்க வந்தது அந்த ஃபேனுக்குக்கூடத் தெரியாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மேரிட் அவனை ஒரு பார்வை பார்த்தாள். எதற்கு அந்தப் பார்வை என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. ரோலண்ட் மட்டையை ஊன்றி எழுந்தார்.

"உங்க கார் வெயில்ல காயுதே. என் பிக்கப் வண்டியைப் பின்னால கொண்டுவந்து நிறுத்துறேன், நிழலா இருக்கும். உட்காருங்க, ஓடிடாதீங்க!"

சிரித்துக்கொண்டே வெளியே போனார். போகும்போது விசில் அடித்தார். ஜன்னல் திறந்திருந்ததால் விசில் முற்றம் முழுக்கக் கேட்டது. பிக்கப் உறுமும் சத்தம், பிறகு திரும்பவும் விசில்.

அந்த நொடியில் ஃப்ரீடா எழுந்தாள். ஓடிஸ் நாற்காலியோடு பின்னால் போகப் பார்த்தான், பின்னால் சுவர். அவள் பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு கனத்த ஒட்டுத்துணிப் போர்வையை உருவி, மண்டையைப் பிளக்கும் ஆகஸ்ட் வெயிலில், அவன் மடியில் போட்டாள். போட்டு, கத்திரிக்கோல் நுனியை அவன் தொடைக்கு மேல் வைத்து அழுத்தினாள்.

"மேடம்," என்றான் ஓடிஸ், குரல் எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டது. "என்னைப் பொட்டலம் கட்டப் போறாங்க."

"கத்தாதே. அவங்க எங்கே காட்டுறாங்கன்னு பாரு."

கத்திரிக்கோல் நுனி ஒரு துணித்துண்டின் மேல் இருந்தது. அரக்குச் சிவப்புத் துணி. அதில் வெள்ளை நூலால் தைத்த ஒரு '7'. பக்கத்தில் அதே சிவப்பில் ஒரு சட்டைப்பை, இன்னொரு துண்டில் மில்லர்ஸ் என்ற பெயரின் பாதி. இந்த வட்டாரத்து வீடுகளில் கிழிந்த சட்டையை யாரும் குப்பையில் போடுவதில்லை, போர்வையில் ஒட்டுப் போட்டுவிடுவார்கள்.

வெளியே விசில் நின்றது. ஃப்ரீடா சட்டென்று உதட்டில் விரல் வைத்தாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே சரளைக்கல் ஒரு முறை நெரிந்தது. ரோலண்ட் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விசில் திரும்ப ஆரம்பித்து, கொஞ்சம் தள்ளிப் போயிற்று.

மேரிட் ஓடிஸின் காதருகே குனிந்தாள். "இந்த மாவட்டத்துல காட்சி ஆட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிஞ்சா பந்து ஜெயிச்சவங்களுக்கு. அவங்க தங்களோட கலரை அதுல பூசி, தேதியும் ஸ்கோரும் எழுதிப்பாங்க. டீம் பேரை எழுதவே மாட்டாங்க, கலர்தான் பேரு. தோத்தவன் அந்தப் பந்தைத் தொடக்கூட மாட்டான்."

"மில்லர்ஸ் சிவப்பு," என்றான் ஓடிஸ் மெதுவாக. "பந்து நீலம்."

"அப்போ ஜெயிச்சது ரோவர்ஸ். பந்தை வாங்கிட்டுப் போனது அவங்க கேப்டன். அன்னைக்குச் சாயந்திரமே காணாம போனவன். அவன் பந்து முப்பது வருஷமா யார் பெட்டியில இருந்திருக்கு?"

ஓடிஸின் மனசில் ரோலண்டுக்கு அதுவரை இருந்த மரியாதை விகுதி அந்த நிமிஷத்தோடு போயிற்று. சிரித்தபோதெல்லாம் தரையைத் தட்டிய மட்டை ஞாபகம் வந்தது. அதன் கனம் ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பிக்கப் அவர்களுடைய காரின் பின்பக்கத்தை ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாதபடி நின்றது. காரின் முன்னால் கொட்டகைச் சுவர். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சோளக்காடு. கூப்பிட்டால் காக்காய்தான் வரும்.

"அப்படியே இவன் அவனைக் கொன்னிருந்தாலும், அந்தப் பந்தைத் தூக்கிக் கடாசியிருக்கலாமே மேடம்?"

"நீ பேஸ்பால் ஆடியிருக்கியா?"

"பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

"அதான் கேக்குறே. ஆடினவனுக்கு அதைத் தூக்கிப் போடக் கை வராது." மேரிட் ஃப்ரீடாவின் பக்கம் திரும்பினாள். "எங்களோட வர்றீங்களா?"

ஃப்ரீடாவின் தலை ஒரே ஒரு முறை அசைந்தது. கண் கலங்கிவிட்டது. முக்கால் மணி நேரமாகத் தன்னை வெட்டப் போகிறாள் என்று நினைக்க வைத்த அந்தப் பார்வை வேறொன்றுமில்லை, நடுக்கம் என்று ஓடிஸுக்கு இப்போது புரிந்தது. இந்த வீட்டில் அவனைவிட அதிகமாகப் பயந்துபோயிருந்தவள் அவள்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்படவும் நேரம் இல்லை, கதவு திறந்தது.

"பந்தைக் குடுத்துடுங்கம்மா," என்றான் ரோலண்ட். சிரிப்பு இருந்தது, ஆனால் மட்டையை ஊன்றவில்லை, தோளில் சாய்த்திருந்தான். "வேற வேலை இருக்கு."

மேரிட் நிதானமாகக் கைப்பையைத் திறந்தாள். பந்தை எடுத்து, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தாள்.

"உங்க பந்துதான், சந்தேகமே இல்ல. ஒரே ஒரு குறை. மியூசியத்துல வைக்கணும்னா ஜெயிச்ச கேப்டன் பந்தோட நிக்கிற படம் ஒண்ணு வேணும். மியூசியம் புத்தகத்தோட முன் பக்கத்திலேயே போடுவாங்க. உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா விட்டுடலாம்."

ரோலண்ட் பந்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "முன் பக்கமா?"

"தொப்பி ஏதாவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும். கவலைப்படாதீங்க, கருப்பு வெள்ளை ஃபிலிம்தான். பழைய போட்டோ மாதிரியே வரும்."

ஓடிஸ் தோளில் தொங்கிய கேமராவைத் தொட்டான். காலையில் அவனே போட்ட ஃபிலிம். கலர். மேரிட் சோல்ஹைம் பொய் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

ஆசை யாரை விட்டது? ரோலண்ட் மாடிக்குப் போனான். போனவன் கதவைத் திறந்தே வைத்து, படிக்கட்டில் நின்று நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டுதான் போனான். திரும்பி வரும்போது தலையில் அரக்குச் சிவப்புத் தொப்பி. முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

முற்றத்தில், ஆப்பிள் மரத்தடியில் நிறுத்தினார்கள். ஒரு கையில் மட்டை, ஒரு கையில் நீலப் பந்து. ஓடிஸ் கேமராவைக் கண்ணில் வைத்தான்.

"சிரிங்க சார்," என்றான். "ஜெயிச்ச மாதிரி."

கிளிக்.

"இன்னொண்ணு எடுக்கணும்," என்றாள் மேரிட். "பின்னால அந்த பிக்கப் படத்துல விழுது. 1949-ல அந்த வண்டி ஏது? கொட்டகைக்குப் பின்னால விட்டுட்டீங்கன்னா நல்லது."

ரோலண்ட் நின்றான். ஒரு நிமிஷம் முழுக்க நின்றான். ஓடிஸ் தனக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையை மனசுக்குள் பாதி சொல்லி, மீதியை மறந்துபோனான். பிறகு ரோலண்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பந்தையும் மட்டையையும் விடாமல், பிக்கப்பில் ஏறினான். பிக்கப் பின்னால் நகர்ந்து, வளைந்து, கொட்டகையின் மூலையில் மறைந்தது.

"ஓடு!" என்றாள் மேரிட்.

மூன்று பேரும் காரில் விழுந்தார்கள். ஓடிஸ் ரிவர்ஸில் எடுத்த வேகத்தில் ஆப்பிள் மரம் ஒரு கிளையை இழந்தது. சரளை பறந்தது. சோளக்காட்டுக்கு நடுவே மண் ரோட்டில் கார் குதித்துக் குதித்துப் போனது. கண்ணாடியில் புழுதி, புழுதிக்குள்ளிருந்து பிக்கப்பின் மூக்கு.

"மேடம், வர்றான்! வர்றான்! ஷெரிஃப் ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"இருபது மைல்."

"அவன் வண்டி நம்மை அஞ்சு மைல்ல பிடிச்சிடும்!"

"வலது பக்கம் திரும்பு." பின் சீட்டிலிருந்து வந்த குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. அதுதான் ஃப்ரீடா அவர்கள் முன்னால் பேசிய முதல் வார்த்தை. "ஊர் மைதானத்துக்குப் போ. இன்னைக்கு ஆட்டம் இருக்கு."

"அம்மா, உயிர் போற நேரத்துல ஆட்டமா?"

"திரும்புப்பா."

திருப்பினான். ஃப்ரீடா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பேசினாள். முப்பது வருஷம் அடைத்து வைத்தது.

"ஆர்லோ பந்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். தேதியை நான்தான் எழுதினேன். 'எட்டு மணிக்கு வர்றேன், பெட்டியோட தயாரா இரு'ன்னார். நான் இருந்தேன். அவர் வரல. ஏமாத்திட்டுப் போயிட்டான்னு அண்ணன் சொன்னான், ஊரும் சொன்னுச்சு. நானும் நம்பினேன். முப்பது வருஷம், தினமும் காலைல எழுந்ததும் முதல் வேலையா அந்த மனுஷனைச் சபிச்சேன்." குரல் உடைந்தது. "போன மாசம் அண்ணன் பெட்டியில பந்தைப் பார்த்தேன். அவர் கிளம்பித்தான் இருக்கார். என்கிட்ட வரத்தான் கிளம்பியிருக்கார்."



"பந்தை ஊர்க்காரங்ககிட்டக் காட்டியிருக்கலாமே?" என்றாள் மேரிட்.

"என் கையில இருந்தா, காதலன் குடுத்துட்டுப் போன பந்துன்னுடுவாங்க. பைத்தியக்காரி பேச்சை யார் கேப்பா? அது அண்ணன் கையில இருக்கணும்."

பிக்கப் பின் பம்பரை ஒரு முறை இடித்தது. கார் பக்கவாட்டில் இழுத்தது, ஓடிஸ் அலறிக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான். எதிரே மரப்பலகை இருக்கைகளும் வேலியும் தெரிந்தன. அறுபது எழுபது பேர், பாதிக்கு மேல் வெள்ளை முடிக்காரர்கள், கையில் வறுகடலையும் எலுமிச்சைச் சாறுமாக உட்கார்ந்திருந்தார்கள். கார் வேலியை முட்டி நின்றது. ஆட்டம் நின்றது.

ஃப்ரீடா கதவைத் திறந்து இறங்கினாள். முப்பது வருஷத்தில் அவளை ஊருக்குள் பார்த்தவர்கள் குறைவு. கூட்டம் சலசலத்தது. அதற்குள் பிக்கப் வந்து நின்றது. ரோலண்ட் குதித்து இறங்கினான்.

"பிடிங்க அவங்களை! என் தங்கச்சியைக் கடத்திட்டுப் போறாங்க! அவளுக்குப் புத்தி சரியில்லன்னு உங்களுக்கே தெரியும்!"

நாலைந்து வாட்டசாட்டமான ஆட்டக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன் ஓடிஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். கால் தரையில் இல்லை. இத்தோடு கதை முடிந்தது, பத்திரிகையில் மூன்று வரி வரும், அதிலும் என் பெயரைத் தப்பாகப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

"காஸ்பர்," என்று ஃப்ரீடா கூப்பிட்டாள்.

முன் வரிசையில் இருந்த ஒரு கிழவர் தலையைத் தூக்கினார். காஸ்பர் லிண்ட், எண்பது வயது. ஒரு காலத்தில் இந்த ஊர் ஆட்டங்களுக்கெல்லாம் நடுவர்.

"ரோவர்ஸ் வந்தாங்களே, அந்த ஆட்டத்துல யார் ஜெயிச்சாங்க?"

"இதென்ன கேள்விம்மா? ஊருக்கே தெரியும். நாம தோத்தோம், நாலுக்கு மூணு. பந்தை ஆர்லோ பையன் கையில நான்தானே குடுத்தேன்." கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோலண்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து நின்றார். "ரோலண்ட். உன் கையில என்ன?"

ரோலண்ட் குனிந்து தன் கையைப் பார்த்தான். வெளியூர்க்காரர்களிடம் ஜெயித்தோம் என்று சொல்லலாம். இவர்களிடம் என்ன சொல்வது? சிவப்புத் தொப்பி தலையில்; நீலப் பந்து கையில். இருக்கைகளில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஓடிஸின் காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்து, அவன் கால் தரைக்கு வந்தது.

ஃப்ரீடா அண்ணனுக்கு நேரே போய் நின்றாள்.

"அவரை எங்கே போட்டே?"

ரோலண்ட் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் கண்ணை மூட மறந்துவிட்டான். அது அவனையும் மீறி, மைதானத்தின் இடது மூலையைத் தாண்டி, பழைய மாவு மில்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் பலகை போட்டு மூடிய கிணற்றுக்குப் போய், அங்கேயே ஒரு நொடி நின்றது.

ஊரே திரும்பி அந்தப் பக்கம் பார்த்தது.